மருமகளைத் தூக்க வேண்டியவர்

தம்போய்,
4 ஆகஸ்ட் 2024

அன்பு மருமகள் லோஷினிக்கு,

மாமா கனகராஜ் எழுதுவது. இங்கே நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். பொந்தியானில் நீயும் உன் அம்மாவும் அதில் பாதி பலத்தோடாவது இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை என்று கஸ்தூரி மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள். அண்ணன்மேல் கோபப்படுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பொழுதுபோக்கு. அன்றைக்கென்று பார்த்து எங்கள் கோயில் கமிட்டியில் அடிதடி. நான் நடுவில் போய் நின்று ஒரே ஒரு அதட்டல்தான் போட்டேன். வாசலில் நின்ற போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டான். நான் மட்டும் போகாமல் இருந்திருந்தால் ரெண்டு மண்டையாவது உடைந்திருக்கும்.

போன் அடித்தால் எடுப்பதில்லை என்று குறைப்பட்டாயாம். அது சாக்கடையில் விழுந்துவிட்டது. புதிது வாங்க இஷ்டமில்லை. இனி எதுவாக இருந்தாலும் கடிதம் போடு, நானும் போடுகிறேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து ஆறாம் வகுப்பு இந்தக் காலத்து யூனிவர்சிட்டிக்குச் சமம்.

ஒரு நல்ல செய்தி. போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் நடைப் போட்டி வைத்தார்கள். நீளமான நடைபாதை, விரலில் ஒரு கிளிப்பு, கடிகாரமும் கையுமாக ஒரு நர்ஸ் மிஸ்ஸி. நான்தான் முதல். மிஸ்ஸி பாதியிலேயே, "போதும் அங்கிள், போதும்லா, உக்காருங்க" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள். என் வேகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

கல்யாணத்தன்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மணவறையில் உட்கார வைக்கப்போவது நான்தான். நம் குடும்பத்தில் தாய்மாமன் தூக்காமல் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. உன் அக்கா மலரை ஒரே கையால் தூக்கினேன். மறு கையில் மைலோ டின் இருந்தது.

தம்போய்ச் சிங்கம்,
உன் மாமா கனகராஜ்

*

பொந்தியான்,
21 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு லோஷினி எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, அதோடு உங்கள்மேல் கோபம். இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றன.

மலர் அக்கா கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மைலோ டின் எங்கேயும் இல்லை. இரண்டு கையாலும்தான் தூக்குகிறீர்கள். ஆனால் ஆடாமல் அசையாமல் மணவறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அது எனக்கும் வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அந்த ஒன்றைத்தான் நான் கேட்கிறேன்.

ஒரு விஷயத்தை நேராகவே கேட்டுவிடுகிறேன். பிரையன் கத்தோலிக்கர் என்பதால்தான் நீங்கள் நிச்சயத்துக்கு வரவில்லை என்று அம்மா சொல்கிறார். "சர்ச்சுக்குப் போற மாப்பிள்ளைன்னா அண்ணனுக்கு எறங்காது. கோயில் கமிட்டி ஆளாச்சே" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை புலம்புகிறார். பிப்ரவரி முதல் சனிக்கிழமை சர்ச்சில் ஆசீர்வாதம். மறுநாள் ஞாயிறு இங்கே மண்டபத்தில் நம் முறைப்படி தாலி. பிரையன் வீட்டார் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன மாமா? பிரையனைப் பிடிக்கவில்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள் போதும்.

லோஷினி

*

தம்போய்,
15 செப்டம்பர் 2024

அன்பு மருமகளுக்கு,

நான் இங்கே நேற்றைவிட இன்றைக்குப் பலமாக இருக்கிறேன். உன் அம்மாவின் முட்டிக்கு நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்கச் சொல்.

பதில் தாமதம் என்று கோபிக்காதே. தம்போயில் என்னை நாலு பக்கமும் இழுக்கிறார்கள். எங்கள் பிளாட்டில் லிப்ட் ரோசாக் ஆகி ஓடாமல் நின்று மாதக்கணக்காகிறது. நிர்வாகத்தில் கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லையாம். கேட்கிறபோதெல்லாம் அதே பதில். காறித் துப்பலாம் போலிருக்கிறது. நான் நாலாவது மாடிக்கு ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறிவிடுவேன். மற்றவர்கள்தான் பாவம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பையன் டாக்டர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் நெஞ்சில் பசையைத் தடவி, மெஷினை வைத்துத் தேய்த்து, டிவி பார்க்கிற மாதிரி பார்த்தான். "அங்கிள், நுரையீரல் ரத்தக் குழாயில பிரஷர் ஏறிடுச்சு. இருதயத்தோட வலது பக்கம் பெருசாயிடுச்சு" என்றான். "தம்பி, எனக்கு மனசு பெருசுன்னு தம்போய்ல எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மெஷின் எதுக்கு?" என்று கேட்டேன். கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தால் எனக்குப் பதினெட்டு வயதுப் பையனின் பிரஷர்! ஆனால் நுரையீரலுக்கு வேறு பிரஷராம், அது கைப்பட்டியில் தெரியாதாம். ஒரே வீட்டுக்கு ரெண்டு மீட்டர் வைத்த மாதிரி பேசுகிறான். முப்பது வருஷம் கார் பட்டறையில் முகமூடி இல்லாமல் பெயிண்ட் அடித்தவன் நான். மோந்து பார்த்தே கலர் நம்பர் சொல்வேன். என் நுரையீரலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான்.

உன்னைத் தூக்குவதற்காகக் காலையில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். மாப்பிள்ளை விஷயமெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

இன்னும் இளமை குறையாத
உன் மாமா கனகராஜ்

*

பொந்தியான்,
30 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

சுகம். "மாப்பிள்ளை விஷயமெல்லாம் நேரில்" என்ற வரியை அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சரி, நேரிலேயே பேசுவோம். அக்டோபர் 13 ஞாயிறு காலை நானும் அம்மாவும் பிரையனும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து உங்களை முறையாக அழைக்க வேண்டும் என்பது பிரையனின் ஆசை. வேறு எங்கேயும் போய்விடாதீர்கள். கமிட்டியில் மண்டை உடைந்தால் அன்றைக்கு ஒரு நாள் உடையட்டும்.

லோஷினி

*

பொந்தியான்,
14 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

உங்கள் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் அளவுக்கு.

நேற்று முட்டி வலியோடு அம்மா நாலு மாடி ஏறினார். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே டிவி ஓடியது. பிரையன் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். தட்டினோம், கூப்பிட்டோம், மறுபடியும் தட்டினோம். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இருக்காருங்களே, அவரு எங்கேயும் போறதில்லையே" என்றார்.

எங்கேயும் போகாதவரா? அப்படியென்றால் கோயில் கமிட்டி? அதுவும் பொய்தானா?

அம்மாதான் "வாங்க போவோம், இதுக்கு மேல நின்னா நமக்குத்தான் கேவலம்" என்று இழுத்துக்கொண்டு இறங்கினார். பிரையன் தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்து, "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா லோஷி?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

லோஷினி

*

தம்போய்,
25 அக்டோபர் 2024

மருமகளுக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள். எனக்கென்ன, நானும் நலம்தான்.

நான் வீட்டில் இல்லை. தெப்ராவில் என் பழைய முதலாளி தவுக்கேயைப் பார்க்கப் போயிருந்தேன். புதுப் பட்டறைக்கு நான்தான் யோசனை சொல்ல வேண்டும் என்று கார் அனுப்பிக் கூப்பிட்டார். செருப்பு என்னிடம் மூன்று ஜோடி இருக்கிறது. டிவியைத் திருடனுக்குப் பயம் காட்ட ஓட விட்டுப் போவேன். எதிர் வீட்டுக்காரிக்குக் கண் சரியில்லை.

போகட்டும். நான் ஒன்று கேட்கிறேன். கதவைத் தட்டினால் கொஞ்சம் நிற்க வேண்டாமா? என் வீட்டுக் கதவு என்ன சூப்பர்மார்க்கெட் கதவா, ஆள் வந்ததும் தானாகத் திறந்துகொள்ள? ஒரு மனுஷன் எழுந்து, சட்டையைப் போட்டு, சுவரைப் பிடித்து வந்து தாழ்ப்பாளைத் தொட நேரமாகாதா? அதற்குள் தடதடவென்று படியிறங்கினால் எப்படி? "சாகட்டும் விடு" என்றாளே கஸ்தூரி ரெண்டாவது வளைவில். கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா அது? என்ன வளர்ப்பு, என்ன மரியாதை! நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

கனகராஜ்

*

பொந்தியான்,
3 நவம்பர் 2024

அண்ணனுக்குக் கஸ்தூரி எழுதுவது.

தீபாவளி நல்லபடியாகப் போனது. நீ வரவில்லை, அதனால் நல்லபடியாகப் போனது.

எனக்கு உன்னைப் போல அலங்காரமாக எழுதத் தெரியாது. நீ இட்டுக்கட்டிப் பேசுகிறவன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ சொன்ன கதையை நம்பி, தோட்டத்து ஆற்றில் முதலை இருக்கிறது என்று ஒரு வருஷம் குளிக்காமல் இருந்தவள் நான். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் தட்டோடு வந்த பிள்ளையை வாசலில் நிற்க வைத்தாயே, அது கதையில்லை. அடுத்த வீட்டு மைக்கல் கிறிஸ்மஸுக்கு கேக் கொடுத்தால் மட்டும் தட்டை வழித்துத் தின்பாய். என் மகளைக் கட்டுகிறவன் சிலுவை போட்டால் உனக்குத் தீட்டா?

இனி நீ வர வேண்டாம். சித்தப்பா மகன் மகேஸ்வரனும் எனக்கு அண்ணன் முறைதான். அவன் என் மகளைத் தூக்குவான். பத்திரிகையில் தாய்மாமன் என்று அவன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன்.

கஸ்தூரி

*

தம்போய்,
12 நவம்பர் 2024

கஸ்தூரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆமாம். எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அப்படியே வைத்துக்கொள். எல்லோரிடமும் அப்படியே சொல். மகேஸ்வரன் நல்ல உடம்புக்காரன்.

உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

கனகராஜ்

*

பொந்தியான்,
1 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

அம்மாவுக்கு வந்த உங்கள் கடிதத்தில் ஒரு பெருமையும் இல்லை. நாலே வரி. நீங்கள் பெருமையடிக்காமல் எழுதி நான் பார்த்ததே இல்லை. பயமாகிவிட்டது. பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன்.

தெப்ராவில் தவுக்கேயோடு உட்கார்ந்திருந்தவருக்கு, படிக்கட்டின் இரண்டாவது வளைவில் அம்மா சொன்னது எப்படிக் கேட்டது? சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது யார்? உங்கள் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் அப்படி என்ன தூரம் மாமா? சின்ன வயதில் நான் அந்த வீட்டில் உருண்டு விளையாடியிருக்கிறேன். ஒரு தாவலில் போய்விடலாம்.

உங்கள் இருதயம் பெருசாகிவிட்டது என்று எழுதியதைப் படித்து நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சிநேகிதியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த நோய் இருக்கிறவங்க உக்காந்திருக்கும்போது நல்லாத்தான்டி இருப்பாங்க. நாலு எட்டு வெச்சாதான் தெரியும்" என்றாள். விரலில் கிளிப்பு மாட்டி நடக்க விடுவது போட்டி இல்லையாம், பரிசோதனையாம்.

பிரையனைப் பிடிக்கவில்லை என்பது பொய்தானே? என்னிடம் கதை விடாதீர்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தப் பேனா முனை உடையப்போகிறது.

லோஷினி

*

தம்போய்,
5 ஜனவரி 2025

லோஷினிக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய் அல்லவா, சந்தோஷமா?

சட்டை போட்டால் மூச்சு வாங்குகிறது. குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து, துண்டை எடுத்துத் துவட்டக் கை வராமல் அப்படியே காய்கிறேன். பட்டறையில் கம்ப்ரசரில் ஓட்டை விழுந்தால் இரைச்சல் மட்டும் வரும், பெயிண்ட் வராது. என் நெஞ்சும் அப்படித்தான். பேச ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறது. நான், கனகராஜ், பேச்சு நிற்கிற ஆளா? கால் ரெண்டும் வீங்கி செருப்பு நுழையவில்லை. வாசலில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

போன் சாக்கடையில் விழவில்லை. மேசைமேல் இருக்கிறது. நீ அடிக்கும்போதெல்லாம் உன் பெயர் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் நான் இழுக்கிற இழுப்பு உனக்குக் கேட்டுவிடும். காகிதத்தில் மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது.

அன்றைக்கு நீங்கள் தட்டினதும் எழுந்தேன். பாதி வழியில் அலமாரியைப் பிடித்து நின்றேன். கூப்பிட்டேன். சத்தம் வெளியே வரவில்லை. கதவைத் திறந்தபோது நீங்கள் படியில். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். உன் மாப்பிள்ளை அந்தத் தட்டை ரெண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான். அழைப்பை வாங்கிக்கொள்ளாத வீட்டிலிருந்து திரும்பும்போதுகூட ஒரு பழம் உருளவிடவில்லை. நல்ல பையன். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அரிசி மூட்டை தூக்கியது மட்டும் உண்மை. ஐந்து கிலோ மூட்டை. தூக்கினதும் கண் இருட்டிவிட்டது. முழித்தபோது மூட்டை கிழிந்து, அரிசிமேல் கிடந்தேன். அந்தச் சின்னப் பையன் டாக்டர் பனடோல் மாத்திரை டப்பாவைத் தவிர எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தான். அவனை நினைத்தால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. கை ஓங்கினால் அதற்கும் மூச்சு வாங்கும்.

தூக்க முடியாத தாய்மாமன் உனக்கு எதற்கு? மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சொன்னால் நாலு பேர் திட்டுவார்கள். மூச்சு இல்லை என்று சொன்னால் பாவம் என்பார்கள். திட்டு எனக்குப் பழக்கம். மற்றது வேண்டாம். மகேஸ்வரனே தூக்கட்டும். கஸ்தூரியிடம் எதையும் சொல்லாதே.

மாமா

*

பொந்தியான்,
12 ஜனவரி 2025

மாமாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடுப்படியில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் போட்டுக் கழுவினார், கழுவியதையே மறுபடியும் கழுவினார். "என்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவானாம்? நான் செத்தா போயிட்டேன்?" என்று உங்களைத் திட்டியது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டது. நீங்கள் பழக்கம் என்று எழுதிய திட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களை யார் தூக்கச் சொன்னது? கை பிடித்து நடத்திக் கொண்டுபோனால் நான் மணவறை ஏற மாட்டேனா? இத்தனை மாதம் எங்களை முட்டாளாக்கி, பிரையனைக் குற்றவாளியாக்கி, அம்மாவை அழ வைத்து, எல்லாம் ஒரு தூக்கலுக்காகவா? எனக்கு உங்கள்மேல் இப்போது இருக்கிற கோபம் அக்டோபரில் இருந்ததைவிட அதிகம்.

மகேஸ்வரன் மாமாவிடம் பேசியாயிற்று. அவர் பந்தி பார்ப்பார். பத்திரிகையை மறுபடியும் அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். பிரையன் உங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசினார். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டு, நின்று நின்று நடந்தால் போகலாம், தூக்கவே கூடாது என்றாராம். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரையனும் அவர் நண்பர் தீபனும் உங்களை அழைத்து வர வருகிறார்கள். கதவைத் திறக்கும்வரை நிற்பார்கள். எவ்வளவு நேரமானாலும் நிற்பார்கள்.

லோஷினி

*

தம்போய்,
20 பிப்ரவரி 2025

தெப்ராவில் புதுக் குடித்தனம் வைத்திருக்கும் மருமகள் லோஷினிக்கும் மாப்பிள்ளை பிரையனுக்கும்,

மாமா இங்கே இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு நலம். வீடு செட்டாகிவிட்டதா? தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

கல்யாணத்தைப் பற்றித் தம்போயில் எல்லோரும் கேட்டுத் தொல்லை பண்ணுகிறார்கள். நானும் நடந்ததை நடந்தபடி சொல்லி வருகிறேன். மாப்பிள்ளையும் தீபனும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து நாலு மாடியிலிருந்து சாமி ஊர்வலம் மாதிரி இறக்கினார்கள் என்று சொன்னேன். படிக்குப் படி சனங்கள் நின்று கும்பிட்டார்கள் என்று நான் சேர்த்துக்கொண்டது உண்மைதான், ஒரு கிழவர் கும்பிட்டார்.

மண்டப வாசலிலிருந்து மணவறைவரை என் கையைப் பிடித்து நடந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். பொந்தியான் சரித்திரத்திலேயே அவ்வளவு மெதுவாக எந்தத் தாய்மாமனும் மணப்பெண்ணைக் கூட்டிப் போனதில்லை. மேளக்காரர் வாசிக்க வைத்திருந்ததெல்லாம் தீர்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம் வாங்கோ, முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார். கஸ்தூரி அவர் பக்கம் திரும்பி, "எங்க அண்ணன் வர்றப்பதான் முகூர்த்தம். பேசாம ஒக்காருங்க ஐயரே" என்றாள். என் தங்கச்சிக்கு அப்படி ஒரு அதட்டல் வரும் என்று எனக்கே தெரியாது. என் ரத்தம்.

இப்போது உன்னிடம் என் கோபத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட மாட்டேன்.

பாதி வழியில் எனக்கு நெஞ்சு அடைத்தது. மூக்கில் குழாய் இருந்தும் காற்று பத்தவில்லை. முன்னால் மணவறை ஆடியது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உட்கார்ந்தால் செத்தேன் என்று நினைத்தேன். அத்தனை பேர் நடுவில், தாய்மாமன் பாதி வழியில் உட்கார்ந்தான் என்றால் அதற்கப்புறம் என்ன பெயர்? அந்த நாற்காலியை எட்டி உதைக்கக்கூடக் காலில் தெம்பில்லை.

அப்போது நீ என்ன செய்தாய்? பட்டுச் சேலை, மாலை, தலை நிறைய நகையோடு அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். "ஐயோ அலமாக், இந்த ஹீல்ஸ் கால கடிக்குது. என்னால முடியல, கொஞ்சம் நில்லுங்க மாமா" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, உனக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் இழுப்பு அடங்கும்வரை நீ எழுந்திருக்கவில்லை.

சேலைக்கு அடியில் நீ போட்டிருந்தது வீட்டில் போடுகிற தட்டையான ரப்பர் ஜப்பான் செருப்பு. நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. மூச்சு மட்டும் இருந்திருந்தால் அங்கேயே உன்னை அறைந்திருப்பேன். என்னிடமே கதை விடுகிறாயா? அதுவும் கல்யாணத்தன்று, புருஷன் பார்க்க, ஊர் பார்க்க, உன்னை நீயே நோஞ்சான் ஆக்கிக்கொண்டு! சம்பந்தி வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர் "இந்தக் காலத்துப் பொண்ணுக்கு நடக்கக்கூடத் தெம்பில்ல பாரு" என்று பேசினது என் காதில் விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

ஆனபடியால் தம்போயில் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லி வைத்திருக்கிறேன். என் மருமகளுக்கு நடை பத்தாது, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள், மாமன்காரன் அசையாமல் கூடவே நின்றான் என்று. உன் மாமியார் வீட்டில் யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன் மாமா
கனகராஜ்